லேபிளுக்கு மேலே இரண்டு விரல்

மோந்து பாக்கறதுல பாவம் ஒண்ணும் இல்லை. நான் பெட்ஷீட் மாத்தத்தான் போனேன், அலமாரியை நோண்டப் போகலை, பெட்ஷீட் அலமாரிக்குள்ளதான் இருக்கு, திறக்காம எப்படி எடுக்கறது, சரி, இந்த விளக்கமெல்லாம் இப்ப யாருக்கு, வீட்ல நான் ஒருத்திதான், ஃபேன் சுத்துது, கீழ் வீட்ல எவனோ டைல்ஸ் அறுத்து உயிரை எடுக்கறான். பாட்டிலைக் கொண்டாந்து சாப்பாட்டு மேஜையில வச்சிருக்கேன். முதல்ல மாதா படத்துக்கு நேரா வச்சிட்டு அப்புறம் கொஞ்சம் தள்ளி வச்சேன், தள்ளி வச்சா மட்டும் அவங்களுக்குத் தெரியாதாக்கும். ஜெசியோட ஸ்வெட்டருக்குப் பின்னாடி இருந்துச்சு. மெட்ராஸ்ல ஸ்வெட்டர் எதுக்குடி உனக்குன்னு நானே எத்தனையோ தடவை கேட்டிருக்கேன், எதுக்குன்னு இன்னைக்குத் தெரிஞ்சுபோச்சு. திருச்சி வீட்டைக் காலி பண்ணிட்டு நான் இங்க வந்த முதல் வாரமே அவ சொல்லிட்டா. கோபமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவாயில்லை, இன்னொரு கரண்டி சட்னி கேக்கற மாதிரி சாதாரணமாச் சொன்னா: "அம்மா, எத்தனை வருஷம் வேணா நீ இங்க இரு. என் அலமாரியை மட்டும் தொடாதே. தொட்டேன்னு தெரிஞ்சா நான் ஹாஸ்டல் பாத்துப் போயிடுவேன், நீ இந்த வீட்ல இருந்துக்கோ." போயிடுவா. முகம் அவ அப்பா செபஸ்தியான் முகம், ஆனா பிடிவாதம் என்னோடது, சொன்னா சொன்னதுதான். அப்ப நான் என்ன பண்ணணும், அப்படியே திரும்ப ஸ்வெட்டருக்குப் பின்னாடி வச்சிட்டு வாயைப் பொத்திக்கிட்டு இருக்கணும். இருக்க முடியுமா? பெத்தவளா இருந்துக்கிட்டு முடியுமா? ஒரு குடிகாரனோட குப்பை கொட்டி, ஒத்தைப் பிள்ளையைப் பொத்திப் பொத்தி வளத்து, கடைசியில அவ அலமாரிக்குள்ளயும் ஒரு பாட்டில்னா, நான் எங்க போய் முட்டிக்கறது?

கேட்டா, அலமாரியைத் தொட்டேன்னு ஒத்துக்கணும். கேக்கலைன்னா இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ரெண்டு, அவர் அப்படித்தானே ஆரம்பிச்சார், சம்பளம் வாங்குன அன்னைக்கு மட்டும்னு ஆரம்பிச்சார், அப்புறம் சனிக்கிழமை, அப்புறம் மழை பேஞ்சா, அப்புறம் மழை பேயலைன்னா. பாட்டில் என்னமோ பாக்க லட்சணமா இருக்கு, அதையும் சொல்லணும். அவரோட பிராந்தி பாட்டில் மாதிரி சப்பையா, பேண்ட் பாக்கெட்டுக்குன்னே அளவெடுத்துச் செஞ்சதா இல்லை. நெடுநெடுன்னு இருக்கு, ஒரு திராட்சைக் கொலை வரைஞ்சிருக்கு, நாசிக்குன்னு போட்டிருக்கு, ட்ரை ரெட் வைன்னு போட்டிருக்கு. விலை ஸ்டிக்கரைக்கூடக் கிழிக்கலை, ஒரு சுமாரான சுடிதார் விலைதான், இந்த ரகத்துல இதுதான் மலிவா இருக்கும், அதுலயும் சிக்கனம் பாக்கறா, அது மட்டும் என் ரத்தம். இவ எங்க போய் வாங்கியிருப்பா? அந்த மால்ல இருக்கற கண்ணாடிக் கடையிலயா, கழுத்துல ஆபீஸ் கார்டோட நின்னு, எதிர்ல இருக்கறவன் மூஞ்சியைப் பாத்து, இதைக் குடுங்கன்னு கேட்டிருப்பாளா, கூச்சமா இருந்திருக்காதா? லேபிளுக்கு மேல ரெண்டு விரல் வரைக்கும் இருக்கு. மிச்சம் குடிச்சிருக்கா. இந்த பாட்டில்ல குறைஞ்சது இவ்வளவு. இதுக்கு முன்னாடி எத்தனை பாட்டிலோ? குப்பையை அவளே கொண்டு போய்ப் போடறா, நான் எடுத்தா வேணாம்மா முட்டி வலிக்கும்ங்கறா, அடடா என்ன கரிசனம்னு நான் சர்ச்ல எல்லார்கிட்டயும் பெருமை அடிச்சுக்கிட்டேன். மரியபுஷ்பம், உன்னை மாதிரி ஒரு லூசு உண்டா?

மோந்து பாத்தேன். அந்த வாசனை வரலை. முப்பது வருஷமா எந்த வாசனைக்குப் பயந்து கதவுகிட்டயே உட்கார்ந்திருந்தேனோ அது இதுல இல்லை. நாவல்பழம் மாதிரி, மை பாட்டில் மாதிரி, மழையில நனைஞ்ச மர பெஞ்சு மாதிரி என்னமோ வருது. பூசை முடிஞ்சு பீடத்துணி மடிக்கப் போறப்ப சாமியாரோட பாத்திரத்துல இருந்து வருமே, அதுக்குக் கொஞ்சம் கிட்ட, ஆனா அதுல இனிப்பு இருக்கும். எனக்கு ஏமாத்தமா இருந்துச்சு, இது என்ன கூத்து, ஏமாத்தமாவா, நிம்மதியால்ல இருக்கணும்? என்னத்தைத் தேடி மூக்கை வச்சேன் நான்? சரி, என் பொண்ணு எதைக் குடிக்கறான்னு எனக்குத் தெரிய வேணாமா, சோத்துல என்ன போடறேன்னு ருசி பாக்காமலா அவளுக்குப் பரிமாறறேன், ஒரு சொட்டு, நாக்குல. எவர்சில்வர் டம்ளர்லதான் ஊத்தினேன், கண்ணாடி டம்ளர் எடுத்தா என்னமோ கொண்டாடற மாதிரி இருக்கும். டம்ளர்ல நிறமே தெரியலை, கறுப்பா இருந்துச்சு. சிலுவை போட்டுக்கிட்டேன், பழக்கதோஷம், வாயில எதை வச்சாலும் போட்டுக்கறதுதானே. ஐயோ. புளிப்பு. புளிப்புகூட இல்லை, நாக்கை இழுத்துப் பிடிக்குது, பாக்கு மென்ன மாதிரி ஈறெல்லாம் இறுகுது, கன்னத்து உள்பக்கம் பல்லோட ஒட்டிக்குது. இனிப்பு எங்க? நான் இனிப்புக்கு நாக்கை நீட்டிக்கிட்டு நிக்கறேன். கிறிஸ்துமஸுக்கு எங்க அம்மா போடுவாங்களே வைன், அரைப் படி சக்கரை, பட்டை, கிராம்பு, பிள்ளைங்களுக்கும் ஆளுக்கு ஒரு மூடி, எனக்குத் தெரிஞ்ச வைன் அதுதான். இதுல ஒரு துளி சக்கரை கிடையாது, முழுங்கினதும் வாயே காய்ஞ்சு போச்சு, தண்ணி குடிக்கணும் போல இருக்கு, இதைப் போயா ஒருத்தி காசு குடுத்து வாங்கி ஒளிச்சு வைப்பா? கெட்டுப்போனதை அவ தலையில கட்டிட்டானோ? அப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன், சந்தோஷமாக்கூட இருந்துச்சு, இதை எவளும் ரெண்டாவது வாய் குடிக்க மாட்டா, அப்ப என் பொண்ணு தப்பிச்சா. அதை உறுதிப்படுத்திக்கத்தான் ரெண்டாவது வாய் குடிச்சேன்.

ரெண்டாவது வாய் வேற மாதிரி இருந்துச்சு. நாக்குக்கு விஷயம் தெரிஞ்சுபோச்சு போல, இனிப்பைத் தேடறதை விட்டுடுச்சு. அந்தத் துவர்ப்புக்கு அடியில ஒரு பழம் இருக்கு, முழுங்கினப்புறம்தான் தெரியுது, தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் மெல்லிசா ஒரு சூடு இறங்குது. ஓஹோ. இதுதானா? இதுக்குத்தானா அத்தனையும்? நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல வேலை பாத்தவ, ஒருத்தன் ஹலோன்னு சொன்னாலே எவ்வளவு ஊத்தியிருக்கான்னு சொல்லிடுவேன், எங்க வீட்டுக்காரர் செருப்பைக் கழட்டற சத்தத்துலயே அன்னைக்கு ராத்திரி எப்படிப் போகும்னு தெரிஞ்சுடும். அப்படிப்பட்டவளுக்கு இதோட ருசி மட்டும் தெரியாது. விரோதியை ஒரு தடவை முகத்துக்கு நேரா பாத்ததில்லை. அவர் குடிக்கறதை என்னால நிறுத்த முடியலை, அதனால அளந்தேன். நகப்பூச்சால பாட்டில் மேல ஒரு கோடு, இதுக்குக் கீழ இறங்கினா நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போயிடுவேன்னு சொல்லி வச்சேன். எங்க போறது, எங்க அப்பா வீட்டுக்கா, அண்ணி கதவைத் திறப்பாளா, எனக்கே தெரியும், அவருக்கும் தெரியும், இருந்தாலும் சொன்னேன். டியூட்டி முடிஞ்சு வந்ததும் பையைக்கூட வைக்காம பீரோவைத் திறந்து கோட்டைப் பாப்பேன். பெரும்பாலும் பிராந்தி கோட்டுலயே அசையாமத்தான் நிக்கும். மூணாவது வாய் எப்ப குடிச்சேன்னு தெரியலை. டம்ளர் காலியா இருக்கு. இன்னொரு டம்ளர் நான்தான் ஊத்தினேன், கை நடுங்கலை, கை பாட்டுக்கு ஊத்துது, எனக்குப் பிடிச்சிருக்கோ? சேசுவே, எனக்குப் பிடிச்சிருக்கு. முட்டி வலி எங்கயோ தள்ளிப் போயிருக்கு, டைல்ஸ் சத்தம்கூட அடுத்த தெருவுல கேக்கற மாதிரி இருக்கு. கல்லறையில கிடக்கற மனுசன்கிட்ட, ஏங்க, இப்படித்தான் இருந்துச்சான்னு கேக்கணும் போல இருக்கு. கேட்டிருந்தா சொல்லியிருப்பாரோ என்னமோ. ஒரு நாளும் நான் அப்படிக் கேட்டதில்லை, எவ்வளவுன்னுதான் கேட்டேன்.

காலிங் பெல். பாட்டிலைத் தூக்கி மேஜைக்கு அடியில வச்சு, டம்ளரை முந்தானைக்குள்ள மறைச்சு, அப்புறம் அதையும் அடியில வச்சு, கதவை ஒரு சாண் திறந்தேன். பக்கத்து வீட்டு சுகந்தி. "ஆன்ட்டி, கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குமா, குழம்பு கொதிக்குது, பாத்தா ஒரு இணுக்குகூட இல்லை." நான் மூஞ்சியை ஒரு பக்கமாத் திருப்பிக்கிட்டு, உதட்டைத் திறக்காம ம்ம்னு சொல்லிட்டு, ஃப்ரிட்ஜ்ல இருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் கொண்டாந்து, கையை மட்டும் நீட்டிக் குடுத்தேன். "என்ன ஆன்ட்டி, ஒரு மாதிரி இருக்கீங்க?" "பல் வலி," ன்னேன், கையை வாய்ல வச்சுக்கிட்டு. "ஐயய்யோ, ஒரு கிராம்பை வாயில அடக்கிக்கோங்க ஆன்ட்டி, அப்படியே மரத்துப் போகும்." கதவைச் சாத்திட்டு நேராப் போய் அஞ்சறைப் பெட்டியில இருந்து கிராம்பு எடுத்து வாயில போட்டுக்கிட்டேன். போட்டப்புறம்தான் உறைச்சுது. அவர் சட்டைப் பையில எப்பவும் கிராம்பு இருக்கும். மூஞ்சியை இப்படித்தான் திருப்பிக்குவார். பல் வலின்னு எத்தனை வருஷம் சொன்னார், நானும் பல் டாக்டர்கிட்ட போங்கன்னு எத்தனை வருஷம் சொன்னேன். பாத்தா, யாரும் எனக்குச் சொல்லித் தரலை, நானாவே பண்ணிட்டேன், ரெண்டு டம்ளர்ல முழுப் பாடமும் வந்துடுச்சு. வெக்கமா இருந்துச்சு. அந்த வெக்கத்துக்கு நடுவுல, நாசமாப்போக, சிரிப்பும் வந்துச்சு, கிராம்பைக் கடிச்சுக்கிட்டே சமையல்கட்டுல தனியா நின்னு சிரிச்சேன், சிரிச்சு முடிக்கறதுக்குள்ள அழுகை வந்துடுச்சு. ரத்தம் ரத்தம்னு அவளைச் சொன்னேனே, அவர் ரத்தம் எனக்குள்ள ஓடலையே, அப்ப எனக்கு இது எங்கிருந்து வந்துச்சு?

ஃபோன் அடிச்சது அப்பத்தான். ஜெசி. "அம்மா, மீட்டிங் கேன்சல் ஆயிடுச்சு. கிளம்பிட்டேன், பக்கத்துல வந்துட்டேன். ஏதாவது வாங்கிட்டு வரவா?" "வேணாம்." "குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?" "தூங்கிட்டேன்டி." "இந்த நேரத்துலயா? சரி, வை." வச்சிட்டு மேஜைக்கு அடியில இருந்து பாட்டிலை எடுத்துத் தூக்கிப் பாத்தேன். லேபிளுக்கு மேல ரெண்டு விரல் இருந்தது, இப்ப லேபிளுக்குப் பாதியில நிக்குது. அம்மாடி, இவ்வளவா? ரெண்டு டம்ளர்தானே? எங்க வீட்டு டம்ளர் பெரிசு, காப்பிக்குன்னு நான்தான் பெரிசாப் பாத்து வாங்கினேன். அப்படியே தொட்டியில கொட்டிட்டா? அப்ப பாட்டில் எங்கன்னு கேப்பா. கீழே விழுந்து உடைஞ்சிடுச்சுன்னா? அலமாரிக்குள்ள இருந்தது எப்படிம்மா கீழே விழும்னு கேப்பா. இன்னும் கொஞ்ச நேரத்துல பெட்டியைக் கட்டுவா, கத்த மாட்டா, சாப்பாடு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, மாத்திரை தீந்தா ஃபோன் பண்ணுன்னு சொல்லிட்டு லிஃப்ட்ல ஏறுவா. இந்த மூணு ரூமுக்கு நடுவுல நான் ஃபேன் சத்தம் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருப்பேன். முடியாது. தண்ணி ஊத்தினா வெளுத்துப் போகும். யோசிச்சுக்கிட்டே இருக்கேன், கை பாட்டுக்கு அடுப்பைப் பத்த வச்சு, தண்ணி வச்சு, டீத்தூளைப் போட்டிருக்கு. கட்டன் சாயா, பால் விடாத வெறும் டீ. எனக்கு எங்கிருந்து இந்த யோசனை வந்துச்சுன்னு நான் கேக்கவே வேண்டாம். அவர் போனப்புறம் பீரோவை ஒழிக்கறப்ப, மிச்சம் இருந்த பிராந்தி பாட்டிலைத் தொட்டியில கவுத்தேன், குடலைப் பிடுங்கற அந்த வாடை வரும்னு மூக்கைப் பொத்திக்கிட்டேன், ஒண்ணும் வரலை. டீ. வெறும் டீ. நிறம் அச்சு அசலா அதேதான். நான் கோட்டைப் பாத்துட்டு, இன்னைக்கு மனுசன் தொடலைன்னு மாதாவுக்கு நன்றி சொன்னேனே, அத்தனை சாயங்காலமும் நான் நன்றி சொன்னது டீத்தண்ணிக்கு. அன்னைக்கு அவரை நான் எவ்வளவு திட்டினேன், செத்தவர்னுகூடப் பாக்காம. இப்ப நான் வடிகட்டியைத் தேடறேன், புனலைத் தேடறேன். சட்டியில கொதிக்குது, கரண்டியில எடுத்துப் பாக்கறேன், செம்பழுப்பா இருக்கு, வைன் எங்க, டீ எங்க, பீட்ரூட் ஒரு துண்டு போட்டா சிவக்குமோ, பீட்ரூட் இருக்கா, காய்கறிக் கூடையைக் கவுத்துட்டேன், வெங்காயம் உருண்டு ஓடுது, கதவுல சாவி திரும்பற சத்தம்.

நான் நின்னபடியே நின்னேன். மறைக்க நேரம் இல்லைன்னு இல்லை, மறைக்கறதுக்குக் கை எழும்பலை. ஜெசி செருப்பைக் கழட்டினா, பையை சோபாவுல போட்டா, தண்ணி குடிக்க நேரா சமையல்கட்டுக்குத்தான் வந்தா, எப்பவும் அப்படித்தான் வருவா. வாசல்ல நின்னா. அடுப்புல சட்டி, மேடையில பாட்டில், பாட்டில் வாயில புனல், தரையெல்லாம் வெங்காயம், வாயில கிராம்போட நான். எல்லாத்தையும் ஒவ்வொண்ணாப் பாத்தா. இப்பக் கேப்பா, அலமாரியை ஏன் திறந்தேன்னு கேப்பா, நான் பெட்ஷீட்டுன்னு ஆரம்பிக்க வாயைத் திறந்தேன். அவ கேக்கலை. உள்ள வந்தா, கரண்டியை எடுத்து சட்டியில விட்டு, தூக்கி, ஜன்னல் வெளிச்சத்துல சாய்ச்சுப் பாத்தா. "இதுக்கு டீ சரியா வராதும்மா," ன்னா. "பிராந்திக்குத்தான் சரியா வரும்."

எனக்கு முதல்ல புரியலை. அப்புறம் புரிஞ்சுது, புரிஞ்சப்ப சமையல் மேடையைப் பிடிச்சுக்கிட்டேன். "உனக்கு எப்படிடி தெரியும்?" அவ கரண்டியைக் கீழே வைக்காம, அதைப் பாத்துக்கிட்டே சொன்னா, "நான்தானேம்மா போட்டுக் குடுப்பேன். ஸ்கூல்ல இருந்து வந்ததும் போடணும். நீ டியூட்டி முடிஞ்சு வர்றதுக்குள்ள ஆறணும்ல, சூடா ஊத்தினா பாட்டில் வேர்த்துடும். அப்பாவுக்குக் கை நடுங்கும், சிந்திடுவாரு. நான்தான் ஊத்துவேன், உன் கோடு வரைக்கும்." பத்து வயசு இருக்குமா அப்ப? ஒன்பதா? ஸ்டூல் போட்டு ஏறினாத்தான் அடுப்பு எட்டும். அந்தப் பிள்ளை ஸ்டூல் மேல நின்னு டீத்தூளை அளந்து போட்டிருக்கா. நான் எக்ஸ்சேஞ்ச்ல உட்கார்ந்து ஊர்ல இருக்கறவன் குரலையெல்லாம் கண்டுபிடிச்சுக்கிட்டிருந்தேன். "ஏன்டி? அவர் மிரட்டினாரா? அடிச்சாரா?" "இல்லைம்மா. அப்பா கேக்கக்கூட இல்லை. ஒரு நாள் அவரு போடறதைப் பாத்தேன், அப்புறம் நானே போட்டேன். கோட்டுக்குக் கீழ இறங்கலைன்னா நீ பாட்டுப் பாடிக்கிட்டே சமைப்பே. அதுக்காகத்தான்."

நான் பாடினேனா? எனக்கு ஞாபகமே இல்லை. சத்தியமா இல்லை. எந்தப் பாட்டு, கோயில் பாட்டா, சினிமாப் பாட்டா, அவளுக்குத் தெரியும் போல, எனக்குத் தெரியலை. என் பிள்ளை எனக்காக அத்தனை வருஷம் பாட்டில் நிரப்பியிருக்கா, நான் இன்னைக்கு அவ அலமாரிக்குள்ள மூக்கை நுழைச்சு, குடிகாரி குடிகாரின்னு மனசுக்குள்ள சொல்லிக்கிட்டு, அவளுக்குத் தெரியாம அவ பாட்டிலை நிரப்பப் பாக்கறேன். கிராம்பைத் தொட்டியில துப்பினேன். எங்கிருந்து தைரியம் வந்துச்சோ, அந்த வைன்ல இருந்துதான் வந்திருக்கும், இருந்துட்டுப் போகட்டும். "ஜெசி, நான்தான் குடிச்சேன். உன் அலமாரியைத் திறந்தேன். பெட்ஷீட்டுக்காக இல்லை, தேடத்தான் திறந்தேன். ரெண்டு டம்ளர் குடிச்சேன். எனக்குப் பிடிச்சிருந்துச்சு. பயமா இருக்குடி." அவ மூஞ்சி என்னமோ ஆச்சு. உதடு கோணிக்கிச்சு, சின்னப் பிள்ளையில அழறதுக்கு முன்னாடி கோணுமே அந்த மாதிரி. "எனக்கும் பிடிச்சிருந்துச்சும்மா," ன்னா. "ஞாயித்துக்கிழமை ஒரே ஒரு கிளாஸ் குடிச்சேன். அதுதான் முதல் தடவை. இன்னொண்ணு ஊத்திக்கணும் போல இருந்துச்சு. அதான் ஸ்வெட்டருக்குப் பின்னாடி வச்சேன். கொட்டவும் மனசு வரலை, எடுக்கவும் பயமா இருந்துச்சு. தினம் ராத்திரி அது அங்க இருக்குன்னு தெரிஞ்சுக்கிட்டே படுத்திருந்தேன்." சட்டியில டீ சுண்டிக் கறுத்துப் போச்சு, யாரும் அணைக்கலை. "போயிடுவியாடி?" ன்னு கேட்டேன். அவ அடுப்பை அணைச்சா. புறங்கையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "குடிச்சேன், பயமா இருக்குன்னு இப்ப நீ சொன்ன மாதிரி அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தா, நான் டீ போடறதை நிறுத்தியிருப்பேன்ம்மா," ன்னு சொல்லி, தரையில உட்கார்ந்து வெங்காயத்தைப் பொறுக்க ஆரம்பிச்சா. முட்டி வலியோட நானும் அவ பக்கத்துல உட்கார்ந்தேன்.